ஓலைச்சுவடி வடிவில் நூல் அறிமுகம்: பிள்ளைகளோடு செய்ய முழுமையான வழிகாட்டி

'படித்த புத்தகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வா' என்று சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் பின்னட்டையைப் பார்த்து எழுதுவார்கள். இடம் மிச்சமிருந்தால் 'இந்தப் புத்தகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தை நிரப்பச் சொன்னோம், நிரப்பினார்கள்.

இங்கே சொல்லப்போகும் வேலையில் நிரப்புவதற்கு இடமே கிடையாது. 21 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் ஓர் ஏடு. அதில் நான்கு வரி, சுமார் 25 வார்த்தை. இப்படி 12 ஏடுகளைக் கயிற்றில் கோத்து ஒரு சுவடி. புத்தகத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு ஏட்டிலும் பிள்ளையே முடிவு செய்தாக வேண்டும். அதற்குப் புத்தகத்தை மறுபடி மறுபடி திறந்துதான் ஆக வேண்டும். பார்க்க அழகாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பது அந்தக் குறுகிய இடத்துக்காக.

6 முதல் 9-ஆம் வகுப்பு வரை இது நன்றாகப் பொருந்தும். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன மாற்றம் என்பதைக் கீழே சொல்கிறேன். மொத்தம் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் முழுக்கப் படிப்பு, இரண்டாம் வாரம்தான் கத்தரிக்கோல்.

முதலில் ஒரு சுவடியைக் கண்ணால் பார்க்கட்டும்

டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்தில் தமிழ், சமஸ்கிருதம், மராத்தி, தெலுங்கு என்று ஆயிரக்கணக்கான சுவடிகள் உள்ளன. நாயக்கர் காலத்தில் தொடங்கிய அந்தச் சேகரிப்பைப் பெருக்கியவர் 1798 முதல் 1832 வரை ஆட்சியில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர். அங்கே உள்ள அருங்காட்சியகப் பகுதியில் ஏடுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். போக முடியாவிட்டால் பாடப்புத்தகப் படமாவது காட்டுங்கள்.

பார்க்கும்போது நான்கு விஷயங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். எழுத்து ஏட்டின் நீளவாக்கில் ஓடும். துளையைச் சுற்றிக் கொஞ்சம் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும், கயிறு உரசி எழுத்து அழியாமல் இருக்க. ஏட்டெண் இடது ஓரத்தில் இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இருக்காது, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. கடைசி விஷயத்தைக் கேட்டதும் பிள்ளைகள் 'அப்போ எப்படிப் படிச்சாங்க?' என்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு வரியைப் புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் கரும்பலகையில் எழுதிப் போட்டால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

புத்தகமும் படிப்பும்

40 முதல் 80 பக்கம் வரை உள்ள புத்தகம் போதும். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக 'நுழை, நட, ஓடு, பற' என்ற நான்கு நிலைகளில் வந்த சிறு புத்தகங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப்புற நூலகத்திலோ கிளை நூலகத்திலோ பிள்ளையே அலமாரி முன்னால் நின்று எடுத்தால் இன்னும் நல்லது. ஒரு நிபந்தனை உண்டு: ஒரே புத்தகத்தைக் குறைந்தது இரண்டு பேராவது எடுக்க வேண்டும். ஏன் என்பது பின்னால் தெரியும்.

படிக்கும்போது குறிப்பு நோட்டு வேண்டாம், அது படிப்பைக் கெடுக்கும். பழைய நோட்டுத் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்துத் துண்டுகளாகக் கொடுங்கள். படித்துக்கொண்டே போகும்போது எங்கே மனசு நிற்கிறதோ அங்கே ஒரு துண்டைச் செருகி, அதில் 'அட', 'ஏன்', 'புரியல' என்ற மூன்றில் ஒன்றை மட்டும் எழுதினால் போதும். புத்தகம் முடியும்போது பத்துப் பதினைந்து துண்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவடிக்கான மூலப்பொருள் அதுதான். துண்டே இல்லாமல் ஒரு புத்தகம் திரும்பி வந்தால், பிள்ளை படிக்கவில்லை அல்லது புத்தகம் அவனுக்கு ஒட்டவில்லை. திட்டாமல் வேறு புத்தகம் கொடுங்கள், காலம் இருக்கிறது.

12 ஏட்டில் என்னென்ன

முதல் ஏட்டில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், வெளியான ஆண்டு, புத்தகம் எங்கிருந்து கிடைத்தது என்ற விவரம். இரண்டாவதில் கதை நடக்கும் இடமும் காலமும். மூன்றும் நான்கும் மாந்தர்களுக்கு. ஓர் ஏட்டுக்கு ஒருவர் வீதம் இரண்டே பேர். புத்தகத்தில் எட்டுப் பேர் இருந்தாலும் இரண்டு பேர்தான். யாரை விடுவது என்று பிள்ளை தவிக்கட்டும். கதாநாயகனை விட்டுவிட்டு டீக்கடைக்காரரை எடுத்தால் தடுக்காதீர்கள், காரணத்தை மட்டும் கேளுங்கள்.

ஐந்து முதல் எட்டு வரை கதை. முடிவைச் சொல்லக் கூடாது. ஒன்பதாவது ஏட்டில் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு வரி, எழுத்துப் பிசகாமல், பக்க எண்ணோடு. பத்தாவதில் ஒரு கேள்வி. அது புத்தகத்தில் பதில் இல்லாத கேள்வியாக இருக்க வேண்டும். பதினொன்றாவதில் பிள்ளையின் சொந்தக் கருத்து. அதில் 'பிடித்தது', 'பிடிக்கவில்லை', 'அருமை', 'சூப்பர்' இந்த நான்கு வார்த்தைக்கும் தடை. பன்னிரண்டாவது ஏடு முடிவுக் குறிப்பு. ஏடு எழுதியவர்கள் கடைசியில் இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன நாளில் இன்னார் எழுதி முடித்தது என்று குறித்து வைப்பார்கள். அதே போலப் பிள்ளையும் தமிழ் வருஷப் பெயர், மாதம், தேதி, தன் பெயர், ஊர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வருஷப் பெயரைத் தினசரி காலண்டரில் பார்த்துக்கொள்ளலாம், அல்லது வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்கலாம்.

கதைப் புத்தகம் இல்லாமல் அறிவியல் நூலோ வாழ்க்கை வரலாறோ என்றால் ஐந்து முதல் எட்டு வரையிலான ஏடுகளில் புதிதாகத் தெரிந்துகொண்ட நான்கு விஷயங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம்.

25 வார்த்தைக்குள் அடக்குவது

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் இரண்டு மூன்று வகுப்பு நேரம் கொடுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையை வைத்துப் பலகையில் செய்து காட்டுவது நல்லது. திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கொள்வோம். ஐந்தாவது ஏட்டுக்கு, அதாவது கதையின் தொடக்கத்துக்கு, பிள்ளைகள் முதலில் எழுதுவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"முன்னொரு காலத்தில் திருவாரூரில் மனுநீதிச் சோழன் என்று ஒரு ராஜா இருந்தார். அவர் மிகவும் நல்லவர். அவர் நீதி தவறாதவர். அவருக்கு ஒரு மகன் இருந்தான். அவன் ஒரு நாள் தேரில் போனான். அப்போது ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்து சக்கரத்தில் மாட்டி இறந்துவிட்டது."

32 வார்த்தை. 25-ல் ஏடு முடிந்துவிடும், அதாவது 'அப்போது' என்பதோடு. கன்று இன்னும் வரவே இல்லை! இதைப் பலகையில் கோடு போட்டுக் காட்டினால் வகுப்பே சிரிக்கும். அப்புறம் கேளுங்கள்: எது இல்லாவிட்டால் கதை நின்றுவிடும்? கன்று. எது இல்லாவிட்டாலும் கதை ஓடும்? 'முன்னொரு காலத்தில்' போகலாம், அது இரண்டாவது ஏட்டின் வேலை. 'அவருக்கு ஒரு மகன் இருந்தான்' போகலாம், 'இளவரசன்' என்றாலே மகன்தான். 'மிகவும் நல்லவர்' என்பதில் சண்டை வரும், வரட்டும். நல்லவர் என்று நாம் சொல்லாமலே அவர் செய்வதிலிருந்து தெரியுமா என்று கேளுங்கள். கடைசியில் இப்படி வந்து நிற்கலாம்:

"திருவாரூர் வீதியில் இளவரசன் தேர் ஓட்டி வந்தான். துள்ளி வந்த கன்று சக்கரத்தில் சிக்கிச் செத்தது. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்கு நடந்தது. மணியை இழுத்தது."

18 வார்த்தை. கதை இன்னும் ஒரு படி முன்னால் போய்விட்டது, ஏழு வார்த்தை மிச்சமும் இருக்கிறது. அந்த ஏழு வார்த்தையை என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். சிலர் மணியின் ஓசையைச் சேர்ப்பார்கள், சிலர் காலியாகவே விடுவார்கள். இரண்டும் சரி.

கேள்வி ஏட்டுக்கும் இதே கதையில் ஒத்திகை பார்க்கலாம். 'மனுநீதிச் சோழன் எந்த ஊரை ஆண்டார்?' என்பது தேர்வுக் கேள்வி, ஏட்டுக்கு ஆகாது. 'தெரியாமல் செய்ததற்கும் தெரிந்தே செய்ததற்கும் ஒரே தண்டனையா?' என்பது ஏட்டுக்கு உரியது. 'இளவரசன் சாவதைப் பசு விரும்பியிருக்குமா?' என்று யாராவது கேட்டால் அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு அதைப் பேசுங்கள்.

வரைவை ரஃப் நோட்டில் எழுதியதும் பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். கேட்பவர் எங்கே புருவம் சுருக்குகிறாரோ அங்கே திருத்தம் தேவை. எழுத்துப்பிழைகளை ஆசிரியர் பார்க்க வேண்டிய நேரமும் இதுதான். ஏட்டில் ஏறிய பிறகு சிவப்பு மை படக் கூடாது.

சுவடி கட்டுவது

ஏ4 அளவு கெட்டி அட்டை இரண்டு வாங்கினால் போதும். குறுக்குவாக்கில் 4 செ.மீ. இடைவெளியில் கோடு போட்டு வெட்டினால் ஓர் அட்டைக்கு ஏழு ஏடு வரும். இரண்டு அட்டையில் பதினான்கு; பன்னிரண்டு போக இரண்டு உதிரி. காசே செலவழிக்க வேண்டாம் என்றால் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கவே இருக்கின்றன. வைகாசி, ஆவணி முடிந்தால் எல்லார் வீட்டிலும் ஒரு கட்டு சேர்ந்திருக்கும். பின்பக்கம் வெறுமையாக, வழவழப்பு இல்லாமல் இருப்பதாகப் பார்த்து எடுங்கள்; பளபளக்கும் தாளில் பேனா மை நிற்காது.

ஓலை நிறம் வேண்டுமானால் வெட்டிய ஏடுகளை மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி நிழலில் காயவைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். எழுதும் முன்பே செய்துவிட வேண்டும். பழசாகத் தெரிய வேண்டும் என்று விளிம்பை மெழுகுவத்தியில் கருக்குவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நெருப்பு ஆபத்து ஒரு பக்கம், பார்ப்பவர் கண் எழுத்தை விட்டுவிட்டு அந்தக் கருகலுக்கே போய்விடும் என்பது இன்னொரு பக்கம்.

அடுத்து துளை. ஆபீசில் வைத்திருக்கும் பஞ்சிங் மெஷின் ஏட்டின் நடுவரைக்கும் எட்டாது. கோணி ஊசிதான் சரி. ஓர் ஏட்டில் இரண்டு முனையிலிருந்தும் 5 செ.மீ. உள்ளே தள்ளி, அகலத்தில் நடுவாக, பென்சிலால் இரண்டு புள்ளி வையுங்கள். அது மாதிரி ஏடு. அதன் அடியில் மூன்று நான்கு ஏடுகளை அடுக்கி, கீழே பழைய ஹவாய் செருப்பு ஒன்றை வைத்து ஊசியை நேராக இறக்கினால் கையும் தப்பும், மேசையும் தப்பும். பன்னிரண்டையும் ஒரேயடியாகக் குத்தினால் ஊசி சாய்ந்து கடைசி ஏட்டில் துளை நகர்ந்துவிடும். இந்த வேலைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

துளை போட்ட பிறகுதான் எழுத வேண்டும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு செ.மீ. சதுரம் விட்டு, மெல்லிய பென்சில் கோடு நான்கு. ஜெல் பேனா மஞ்சள் தாளில் ஊறும், சாதாரணக் கறுப்புப் பால்பாயிண்ட் போதும். ஏட்டெண்ணைத் தமிழ் எண்ணில் இடது ஓரத்தில் போடச் சொல்லுங்கள்: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. பத்துக்கு ௰, பதினொன்றுக்கு ௰௧, பன்னிரண்டுக்கு ௰௨. ஒரு தடவை இப்படிப் போட்டவர்களுக்குத் தமிழ் எண் மறக்காது.

மேலும் கீழும் வைக்கும் சட்டங்களுக்குப் பழைய தினசரி காலண்டரின் அட்டையை ஏட்டைவிட அரை செ.மீ. பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துளையில் கயிறு, மற்றதில் குச்சி. அந்தக் குச்சிக்கு நாராசம் என்று பெயர். செம்புக் கம்பியோ மூங்கில் குச்சியோ வைப்பார்கள். நமக்குத் தென்னந்துடைப்பத்துக் குச்சி போதும். கயிற்றுக்குப் பருத்தி நூலை மூன்று புரியாகத் திரித்துக்கொள்ளலாம். திருபுவனம் பக்கம் நெசவு வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் மிச்சம் விழுந்த பட்டு நூல் கிடைக்கும், அதைவிட அருமையான கயிறு கிடையாது. வாழைநார் பூக்கட்ட நல்லது, சுவடிக்கு ஆகாது. காய்ந்ததும் மடிப்பில் அறுந்துவிடும். கயிற்றின் ஒரு நுனி துளை வழியாக உருவிக்கொண்டு வராமல் இருக்க அங்கே ஓலைத்துண்டு ஒன்றை முக்கோணமாக வெட்டிக் கட்டுவார்கள். அதுதான் கிளிமூக்கு. அட்டைத் துண்டில் செய்து சிவப்பு வண்ணம் பூசினால் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சந்தோஷம். மறு நுனியைச் சுவடியைச் சுற்றி இரண்டு மூன்று முறை சுற்றிச் செருகிவிட வேண்டியதுதான்.

நிஜ ஓலையில் செய்ய ஆசைப்பட்டால்

8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றிரண்டு ஏடுகளை மட்டும் நிஜப் பனையோலையில் செய்து பார்க்கலாம். வேதாரண்யம் பக்கம் ஓலைக்குப் பஞ்சமில்லை. மற்ற ஊர்களிலும் ஆற்றங்கரையிலும் வயல் வரப்பிலும் பனை நிற்கிறது. நுங்கு வெட்ட ஆள் ஏறும்போது சொல்லிவைத்தால் குருத்தோடு சேர்ந்த இளம் ஓலை கிடைக்கும். முற்றிய ஓலை விண்டுபோகும். ஈர்க்கை நீக்கிவிட்டு அளவாக நறுக்கி, மஞ்சள் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, நிழலில் காயவைத்து, அம்மிக்கல் மாதிரி கனமான ஏதாவது ஒன்றின் அடியில் சில நாள் வைக்க வேண்டும். ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸின் முனையால் அழுத்தாமல் கீறி எழுதி, விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவித் துணியால் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு தங்கி எழுத்து எழுந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத நிமிஷம் அது. ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடாதீர்கள். அடைமழையில் ஓலை காயாது, பூசணம்தான் பிடிக்கும். தையிலிருந்து ஆடி வரை நல்ல காலம்.

ஒப்பிடும் வகுப்பு

ஒரே புத்தகத்தை இரண்டு பேர் எடுக்க வேண்டும் என்று சொன்னது இதற்காக. பாபநாசத்துக்குப் பக்கத்தில் உள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855-ல் பிறந்தவருமான உ.வே.சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்தபோது பல இடத்து ஏடுகளைத் தேடி வாங்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். ஓர் ஏட்டில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும். எது சரி என்று பார்ப்பதுதான் அவருடைய ராப்பகல் வேலை. அதையே பிள்ளைகள் தங்கள் சுவடிகளில் செய்யட்டும்.

ஒரே புத்தகத்தைப் படித்த இருவர் சுவடிகளை மாற்றிக்கொண்டு ஏடு ஏடாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இருவரும் எடுத்த மாந்தர் ஒரே ஆளா? ஆறாவது ஏட்டில் ஒருத்தி சொன்ன சம்பவத்தை மற்றவள் ஏன் விட்டாள்? ஒன்பதாவது ஏட்டு வரி வேறு வேறாக இருந்தால் ஒவ்வொருவரும் தன் வரிக்காகப் புத்தகத்தைத் திறந்து வாதாட வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒப்பிட்ட பிறகு தன் சுவடியில் ஓர் ஏட்டை மாற்ற விரும்புகிறவர்களுக்காகத்தான் அந்த இரண்டு உதிரி ஏடுகள். கயிற்றை அவிழ்த்தால் போதும், ஏட்டை உருவி வேறொன்று வைத்துவிடலாம்.

மதிப்பெண் போட வேண்டியிருந்தால் 20-க்கு இப்படிப் பிரியுங்கள்: கதை ஏடுகளில் தேர்வுக்கு 6, கேள்விக்கு 5, சொந்தக் கருத்துக்கு 4, ஒப்பீட்டில் கலந்துகொண்டதற்கு 3, கட்டியதற்கு 2. அலங்காரத்துக்கு மதிப்பெண் வைத்தால் வீட்டில் அம்மாவோ அக்காவோ செய்து கொடுத்துவிடுவார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு

3 முதல் 5-ஆம் வகுப்பு வரை ஐந்து ஏடு போதும்: நூல் விவரம், ஒரு மாந்தர், ஒரு சம்பவம், ஒரு கேள்வி, ஒரு படம். ஏட்டை 6 செ.மீ. அகலமாக வெட்டுங்கள், வரிகள் மூன்று. துளை போடுவதைப் பெரியவர்களே செய்துவிடலாம். எழுதத் தயங்கும் பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஆனால் அவர்கள் சொன்ன வார்த்தையைத் திருத்தாமல் எழுதுங்கள்.

முடிந்த சுவடிகளை என்ன செய்வது

பள்ளி ஷோகேஸில் பூட்டி வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். புத்தகம் இருக்கும் இடத்தில் சுவடியும் இருக்கட்டும். நூலகரிடம் பேசி அந்தந்தப் புத்தகத்தின் பக்கத்திலேயே வைக்கக் கேளுங்கள். அடுத்து வரும் பிள்ளை சுவடியைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பான், முடிவு அதில் இல்லையே! சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. அவரை நினைத்துக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தில் இதை ஏற்பாடு செய்தால் கிளை நூலகங்களில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் சுவடிகளை ஒருமுறை வெயிலில் காட்டி, வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து அலமாரியில் போட்டுவிடுங்கள்; பூச்சி வராது. சட்டத்தின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, சுவடியைப் பார்த்துப் புத்தகத்தை எடுத்தவர்கள் தங்கள் பெயரையும் வகுப்பையும் எழுத இடம் விட்டு வையுங்கள்.